டிஎம்ஏ தன் மேலேயே திரும்பினால்: எமுலேஷன் கோடில் ரிகர்ஷனை நிறுத்துவது எப்படி?

கேள்வி: முதுகலை ப்ராஜெக்டுக்காக கியூஎமு 7.0 எமுலேட்டரில் சொந்தமாக ஒரு மெய்நிகர் பிசிஐ சாதனம் எழுதியிருக்கிறேன். கெஸ்ட் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) டோர்பெல் ரிஜிஸ்டரில் (வேலை வந்திருக்கிறது என்று சாதனத்துக்குச் சொல்லும் இடம்) எழுதியதும், சாதனம் ரிங்கிலிருந்து (மெமரியில் உள்ள கமாண்ட் வரிசை) கமாண்டை எடுத்து வேலையை முடிக்கும். அப்புறம் கெஸ்ட் சொன்ன முகவரியில் டிஎம்ஏ மூலம் (சிபியு இல்லாமல் சாதனமே மெமரியைத் தொடுவது) 4 பைட் ஸ்டேட்டஸ் எழுதும். ஃபஸ்ஸர் (தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கும் கருவி) ஓட்டினால் ஸ்டாக் நிரம்பி கிராஷ் ஆகிறது. ஒரு கவுண்டர் வைத்து, டோர்பெல் ஹேண்ட்லருக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக 10 தடவைக்கு மேல் போனால் திரும்பிவிடும்படி மாற்றினேன். கிராஷ் நின்றுவிட்டது. இது போதுமா?

பதில்: போதாது. கிராஷ் நின்றிருக்கிறது, ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஜிடிபி டீபகரில் பேக்ட்ரேஸை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்துப் பாருங்கள். டோர்பெல் ஹேண்ட்லர், கமாண்ட் ரன், டிஎம்ஏ ரைட், மறுபடி டோர்பெல் ஹேண்ட்லர் என்று ஒரே நான்கைந்து வரிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும். உங்கள் டோர்பெல், பார் (சாதனத்தின் ரிஜிஸ்டர்கள் இருக்கும் முகவரிப் பகுதி) தொடங்கும் இடத்திலிருந்து 16-ஆவது பைட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்டஸ் எழுத வேண்டிய முகவரியாக ஃபஸ்ஸர் அதே 16-ஆவது பைட்டின் முகவரியைக் கொடுத்திருக்கிறது. ராமில் விழ வேண்டிய 4 பைட் உங்கள் சாதனத்தின் மேலேயே விழுகிறது. நிஜ சிப்பில் இப்படி எழுதினால் நிரம்புவதற்கு அங்கே ஃபங்ஷன் கால் ஸ்டாக் கிடையாது. கியூஎமுவில் டிஎம்ஏ என்பது ஒரு சாதாரண ஃபங்ஷன் கால். அது முடிந்து திரும்புவதற்குள் உங்கள் ஹேண்ட்லர் மறுபடி ஓடிவிடுகிறது.

இப்போது கவுண்டருக்கு வருவோம். ஃபஸ்ஸர் கொடுத்த முகவரி டோர்பெல்லுக்குப் பதில் ரீசெட் ரிஜிஸ்டராக இருந்தால்? கமாண்ட் ரன் பாதியில் நிற்கிறது, ரிங்கின் பாயின்டர் அதன் கையில் இருக்கிறது. உள்ளே நுழைந்த ரீசெட் ஹேண்ட்லர் அந்த ரிங்கை ஃப்ரீ செய்துவிட்டுத் திரும்புகிறது. வெளியே காத்திருந்த கோட், ஃப்ரீயான மெமரியில் அடுத்த இண்டெக்ஸை எழுதுகிறது. இதற்கு ஒரே ஒரு மறுநுழைவு (முதல் வேலை முடியும் முன்பே சாதனத்தின் கோடுக்குள் மறுபடி நுழைவது) போதும். உங்கள் கவுண்டர் பத்தை அனுமதிக்கிறது. இது கற்பனை இல்லை. கியூஎமுவின் என்விஎம்இ கன்ட்ரோலரில் வந்த சிவிஇ-2021-3929, யுஎஸ்பி இஎச்சிஐயில் வந்த சிவிஇ-2021-3750 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டைகள் இரண்டும் இதே வகை. ஸ்டாக் நிரம்புவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கெஸ்டுக்குள் இருப்பவர் ஹோஸ்டைப் பிடிக்கப் பார்க்கும் வழி, சத்தமில்லாத இந்த இரண்டாவதுதான். ஆகவே எத்தனை ஆழம் போகிறது என்பதை விடுங்கள். மறுநுழைவையே தடுக்க வேண்டும்.

முதலில் வெர்ஷனை மாற்றுங்கள். 2023-இல் வந்த 8.1 முதல் இதற்கான தடுப்பு கியூஎமுவின் மெமரி கோடிலேயே இருக்கிறது. சாதனம் ஒரு ஐஓவில் இருக்கும்போது ஒரு கொடி ஏற்றப்படும். அந்த நேரத்தில் அதே சாதனத்தின் எம்எம்ஐஓவுக்கு (மெமரி முகவரிகளாகத் தெரியும் ரிஜிஸ்டர்கள்) இன்னொரு அணுகல் வந்தால், எச்சரிக்கை எழுதிவிட்டு அதை மறுத்துவிடும். ஆனால் ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மெமரி ரீஜனை உருவாக்கும்போது 'ஓனர்' என்று ஒரு ஆர்க்யுமென்ட் கொடுப்போம் அல்லவா? அதை வைத்துத்தான் இது எந்தச் சாதனத்தின் ரீஜன் என்று தடுப்புக்குத் தெரியும். பழைய உதாரணத்தைக் காப்பியடித்து அங்கே நல் (NULL) கொடுத்திருந்தால் தடுப்பு வேலையே செய்யாது. உங்கள் ஆப்ஜெக்டைக் கொடுங்கள்.

மறுக்கப்பட்ட டிஎம்ஏ பிழைக் குறியீட்டுடன் திரும்பும். அதைப் பார்க்காமல் விட்டால் புதுச் சிக்கல் வரும். ரிங்கிலிருந்து படிக்கும் இடத்தில் படிப்பு தோற்றால், லோக்கல் பஃபரில் இருப்பது நிஜ கமாண்ட் இல்லை. அதையே கமாண்ட் என்று நினைத்து ஓட்டுவீர்கள். ஒவ்வொரு டிஎம்ஏவின் ரிசல்ட்டையும் சோதித்து, தோற்றால் சாதனத்தை எரர் நிலைக்குக் கொண்டுபோங்கள்.

வேலையை பாட்டம் ஹாஃபுக்கு (ஹேண்ட்லர் முடிந்த பிறகு தனியாக ஓடும் ஃபங்ஷன்) தள்ளிவிட்டால் தீராதா என்று தோன்றும். ஸ்டாக் நிரம்புவது தீரும். ஆனால் பாட்டம் ஹாஃபுக்குள்ளிருந்து செய்யும் டிஎம்ஏவும் ரீசெட் ரிஜிஸ்டரில் போய் விழலாம். அதனால் சாதாரண பாட்டம் ஹாஃப் வேண்டாம். தடுப்புக் கொடியோடு சேர்ந்த 'கார்டட்' வகை இருக்கிறது, அதையே உருவாக்குங்கள். ரீசெட்டில் அதை கேன்சல் செய்ய மறக்காதீர்கள்.

பழைய வெர்ஷனை விட முடியாது என்றால், சாதனத்தின் டிஎம்ஏ ராமுக்கு மட்டுமே போகும்படி கட்டுப்படுத்தலாம். இன்டெல் எச்டிஏ ஆடியோவில் சிவிஇ-2021-3611-ஐ அப்படித்தான் அடைத்தார்கள். எனக்குப் பிடித்த வழி இது. உங்கள் சாதனத்துக்கு எம்எம்ஐஓவில் டிஎம்ஏ செய்ய எந்தத் தேவையும் இல்லையே.

கவுண்டர் எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்எஸ்ஐ 53சி895ஏ ஸ்கஸி கன்ட்ரோலர் தன்னுள் இருக்கும் ஸ்கிரிப்ட் ராமை நியாயமாகவே படித்தாக வேண்டும். பொதுத் தடுப்பு அங்கே ஒத்துவரவில்லை. அதனால் சிவிஇ-2023-0330-க்கு ஆழத்தை எண்ணி, 8-ஐத் தாண்டினால் நிறுத்தும்படி செய்தார்கள். வேறு வழியில்லாத இடத்தில் எடுத்த முடிவு அது.

சரி செய்ததும் இரண்டு க்யூடெஸ்ட் (கியூஎமு சாதனங்களுக்கான தானியங்கிச் சோதனை) எழுதுங்கள். பாரை ஒரு முகவரியில் வைத்து, ஸ்டேட்டஸ் முகவரியாக ஒன்றில் டோர்பெல்லையும் இன்னொன்றில் ரீசெட்டையும் கொடுத்து, டோர்பெல் அடியுங்கள். அட்ரஸ் சானிடைசர் (தவறான மெமரி அணுகலைக் கண்டுபிடிக்கும் கருவி) சேர்த்த பில்டில் ஓட்டுங்கள். அது இல்லாவிட்டால் ரீசெட் டெஸ்ட் ஒன்றுமே நடக்காததுபோல் பாஸ் ஆகிவிடலாம். முதலில் உங்கள் கவுண்டர் வெர்ஷனிலேயே ஓட்டிப் பாருங்கள்: டோர்பெல் டெஸ்ட் தாண்டிவிடும், ரீசெட் டெஸ்டில் சானிடைசர் அலறும்.