ஆஃப் சீசன் என்றால் என்ன? குளிர்காலத்தில் நீஸ் நகருக்குப் போகலாமா?

ஓர் ஊரில் கூட்டம் குறைந்து, அறை வாடகை இறங்கும் மாதங்கள்தான் ஆஃப் சீசன். பிரான்சின் நீஸ் நகருக்கு அது குளிர்காலம். தாராளமாகப் போகலாம், ஜனவரியில்கூடப் பகலில் சுமார் 13 டிகிரி இருக்கும். வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறிக்கிறது. தெற்கே கடல், கோடையில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடுகிறது. டம்ளர் வெந்நீர் ஆறிப்போனாலும் அண்டா வெந்நீர் கதகதப்பாகவே இருக்குமே, அப்படி. பழைய நகரச் சந்துகளில் கொண்டைக்கடலை மாவில் சுடும் சோக்கா அடையை, மிளகுத்தூள் தூவி, விரல் சுடச்சுடப் பிய்த்துத் தின்ன இதைவிட நல்ல காலம் இல்லை! பிப்ரவரியில் கார்னிவல் நடக்கும்போது மட்டும் வாடகை எகிறும்.

நீஸ் என்றாலே கோடைக்கான ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் குளிருக்குத் தப்பித்தான் அங்கே வந்தார்கள். கடற்கரைச் சாலைக்கே 'ஆங்கிலேயர் உலாவீதி' என்றுதான் பெயர். அப்போது ஆஃப் சீசன் கோடைதான்.