விளங்காத சிலை

கேள்வி: லண்டனில் மகளிடம் போயிருந்தபோது ஹென்றி மூர் என்ற ஆங்கிலச் சிற்பி செய்த வெண்கலப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். முகமே சரியாக இல்லை. இப்படி விளங்காத சிலையைச் சந்தியில் வைத்து ஊர்ச்சனத்துக்கு என்ன பிரயோசனம்? (ஒரு வாசகர், கோண்டாவில்)

பதில்: 'விளங்காத' என்ற சொல்லை நான் விடமாட்டேன். நல்லூர்க் கந்தன் கோயில் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். கண்ணுமில்லை, மூக்குமில்லை. கொடியேறி 25 நாளும் அதன் முன் நின்று கண் கலங்குகிற சனம் யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை. ஒழுங்கை முடக்கில் வைரவர் என்று கும்பிடுவதும் ஒரு சூலத்தைத்தான்.

சரி, சந்தியில் வைத்து என்ன பிரயோசனம் என்றீர்கள். நம்மூர்த் தெருவோரச் சுமைதாங்கிக்கு வருவோம். நட்ட கல் இரண்டு, மேலே குறுக்காக ஒரு கல், நெஞ்சளவு உயரம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது. அவள் இறக்காமல் போன சுமைக்காக, சந்தைக்குப் போகிற இன்னொருத்தி தலையில் இருக்கும் கடகத்தை அதில் இறக்கி வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் மூச்சு வாங்குவாள். இதைவிட நவீனமான சிற்பத்தை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. பக்கத்தில் மாடு உரச ஆவுரோஞ்சிக்கல் ('ஆவுரஞ்சி' என்று திருத்தி எழுதும் வாசகர்களுக்கு: அம்மம்மா சொன்னபடிதான் எழுதுவேன்). தெருவை அகலமாக்கும்போது இந்தக் கற்களைப் பிடுங்கி மதிலோரம் போட்டுவிட்டு, அதே சந்தியில் பொன்வண்ணம் பூசிய சீமெந்துச் சிலையைக் கம்பிக்கூட்டுக்குள் வைக்கிறோம். வருடத்தில் ஒருநாள் மாலை, மிச்ச நாளெல்லாம் காகம். கூட்டைக் கழற்றுங்கள், பிள்ளைகள் ஏறட்டும் என்று எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

நீங்கள் பார்த்த பெண்ணை 1962இல் கிழக்கு லண்டன் ஸ்டெப்னியில், தொழிலாளர் மாடிக்குடியிருப்புக்கு நடுவில்தான் வைத்தார்கள். பிள்ளைகள் மடியில் ஏறினார்கள், சனம் 'ஓல்ட் ஃப்ளோ' என்று பெயர் வைத்தது. குடியிருப்பு இடிபட்டபின் 1997இல் யோர்க்ஷயருக்குப் போனாள். 2012இல் உள்ளூராட்சி அவளை விற்கப் பார்த்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, 2017இல் கிழக்கு லண்டனுக்கே திரும்பிவிட்டாள்.

மூர், உலகப்போரில் குண்டுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த சனத்தை வரைந்தவர். துணி மடிப்பைக் கவனிக்கப் பழகியது அங்கேதான், அந்த மடிப்புத்தான் அவள் உடுப்பிலும் விழுந்து கிடக்கிறது. பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்கி, சேலைத் தலைப்பால் பிள்ளையைப் பொத்திக்கொண்டு இருந்த அம்மாமார் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். படம் எடுத்திருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். முகம் எங்கே என்று கேட்டார்களா, வேறு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.