சபார்டினேட் என்றால் மட்டமா?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் என் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அவன் 'சபார்டினேட்' என்று ஆர்டரில் இருக்கிறது. அகராதியில் 'கீழ்ப்பட்டவன்' என்று போட்டிருக்கிறது. மரியாதைக் குறைவான சொல்லா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: இல்லை அம்மா. லத்தீனில் 'சப்' என்றால் அடியில், 'ஓர்டோ' என்றால் வரிசை. உங்கள் மகன் யார் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும், லீவு லெட்டரை யாரிடம் நீட்ட வேண்டும் என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. ஆளை மட்டம் தட்டுவது 'இன்ஃபீரியர்'. அதை மனிதருக்குப் போடவே கூடாது.

அகராதியைவிட அரசு அலுவலகப் பெயர்ப்பலகைகள் இதற்கு நல்ல தமிழ் வைத்திருக்கின்றன. சப்-ரிஜிஸ்ட்ரார், சார்பதிவாளர். சப்-கோர்ட், சார்பு நீதிமன்றம். சப்-டிரஷரி, சார்நிலைக் கருவூலம். அது தருமபுரி மாவட்டக் கருவூலத்தைச் சார்ந்து நடப்பது, அவ்வளவுதான். கோட்டத்துக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி வந்தால் அவர் 'சப்-கலெக்டர்', அதாவது சார் ஆட்சியர்; மற்றவர் வந்தால் வருவாய் கோட்டாட்சியர். நாற்காலி ஒன்றுதான். அந்த 'சப்'பில் இழிவு எங்கே இருக்கிறது? (காவல்துறையில் மட்டும் சப்-இன்ஸ்பெக்டர், உதவி ஆய்வாளர் ஆகிவிட்டார்.) ஆகவே 'கீழ்ப்பட்டவன்' வேண்டாம், 'சார்நிலைப் பணியாளர்' என்று சொல்லுங்கள்.

'லோயர்' (கீழான) என்பதன் கதை வேறு. விசாரணை நீதிமன்றங்களை 'லோயர் கோர்ட்' என்று குறிப்பிடுவதை நிறுத்தும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தன் பதிவகத்திடம் சொன்னது. அரசியலமைப்பில் 233 முதல் 237 வரையிலான உறுப்புகளின் தலைப்போ இன்றும் 'சபார்டினேட் கோர்ட்ஸ்' தான்.

எழுதும்போது 'சபார்டினேட் டு' என்றே வரும். 'ஜூனியர்', 'சீனியர்' இரண்டுக்கும் இதே 'டு'. நாம் 'என்னைவிட ஜூனியர்' என்று நினைப்பதால் 'ஜூனியர் தேன் மீ' என்று கை போய்விடுகிறது, அது பிழை. உச்சரிப்பில், ஆளைச் சொன்னால் கடைசி அசை குறுகி 'சபார்டினட்'. வினைச்சொல்லானால் நீண்டு 'சபார்டினேட்'.

மகன் பயோடேட்டாவில் இதைப் போட வேண்டியதில்லை. 'ஐ ரிப்போர்ட் டு தி ஷிஃப்ட் இன்சார்ஜ்' என்றால் போதும். உங்கள் மகன் கவனிக்க வேண்டிய சொல் 'இன்சபார்டினேஷன்', அதாவது மேலாளர் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை. தொழிற்சாலை நிலையாணைகளில், அதாவது வேலை விதிகளில், அது ஒழுங்கீனப் பட்டியலில் இருக்கும், மெமோ வரும். ஆனால் மாதிரி நிலையாணையில் அதோடு சேர்ந்தே ஒரு நிபந்தனை உண்டு: அந்த உத்தரவு சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும். மெமோவுக்குப் பதில் எழுதும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.