பங்கர் பயம் உள்ள அம்மா நீர்மூழ்கிக்குள் போகலாமா?

கேள்வி: மார்கழி விடுமுறையில் விசாகப்பட்டினம் போய், கடற்கரையில் நிற்கும் பழைய ‘குர்சுரா’ நீர்மூழ்கியைப் பிள்ளைகளுக்குக் காட்ட இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. யுத்தகாலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்த நாளிலிருந்து பூட்டிய இடம் என்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். உள்ளே கூட்டிப்போகலாமா? வெளிநாட்டவர் என்றால் கடற்படை அனுமதி வேண்டும், அதை எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரர் காசு கேட்கிறார். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: முதல் வேலையாக அந்த ஏஜென்சிக்காரருக்குக் காசு கொடுக்காதீர்கள். 1969இல் சேவைக்கு வந்து 2001இல் ஓய்வுபெற்ற கப்பல் அது. 2002இலிருந்து அருங்காட்சியகம். உங்களுக்கு வேண்டியது இந்திய வீசா. அதன்பிறகு வாசலில் ரிக்கற் எடுத்தால் சரி. நானும் ஒருமுறை வேறோர் ஊரில் ‘விசேட பாஸ்’ என்று ஒருவனிடம் காசைக் கட்டிவிட்டு, பாஸ் இல்லாதவர்களோடு அதே வரிசையில் நின்றவன்தான். முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில் கிடந்தவனையே ஏமாற்றினார்கள்.

இன்னும் சிலர் ‘நீர்மூழ்கிச் சவாரி’ என்று பேக்கேஜ் விற்பார்கள். அது கொங்கிரீட் மேடையில் நிற்கிற கப்பல், ஓர் அடிகூட நகராது. பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். பயண அட்டவணையில் திங்கட்கிழமை போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அன்றைக்குப் பூட்டு.

இனி அம்மாவின் விஷயம். 91 மீற்றர் நீளம், ஆனால் உள்ளே நடப்பதற்கு இருப்பது ஓர் ஒடுங்கிய பாதை. ஏழு அறைகள். அறைக்கு அறை வட்டக் கதவு, கிணற்றுக்கட்டைச் சுவரில் பதித்ததுபோல. மேல் விளிம்பைக் கையால் பிடித்து, ஒரு காலை முதலில் அந்தப் பக்கம் போட்டு, தலையைக் குனிந்து, பிறகு மற்றக் காலை இழுக்கவேண்டும். சாதாரண முழங்கால் வலிக்காரர் ஆறுதலாகப் போனால் சமாளிக்கலாம்.

பங்கர் பயம்தான் வேறு கதை. உள்ளே வெளிச்சம் உண்டு, கப்பல் தாழப்போவதில்லை என்று நீங்கள் ஆயிரம் சொல்லலாம். மண்ணெண்ணெய் விளக்கு மணத்தோடு குழிக்குள் குந்தியிருந்த உடம்பு அதைக் கேட்காது. அங்கே கூரை தாழ்வு, பழைய எண்ணெய் வாடை வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், சனம் ஒரே திசையில்தான் நகரும். மூன்றாவது அறையில் மூச்சு முட்டினால் பின்னால் நிற்கிறவர்களைத் தாண்டித் திரும்ப ஏலாது. அம்மா தானாகவே ஆசைப்பட்டால் மட்டும், வார நாளில், திறந்தவுடன் போங்கள். ஓய்வுபெற்ற கடற்படையினர்தான் வழிகாட்டிகள். ஏறுமுன்னரே அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். “பிள்ளைகளுக்காக வாறன்” என்று அம்மா சொன்னால் கூட்டிப்போகாதீர்கள். எங்கள் அம்மாமார் அப்படித்தான் சொல்வார்கள்.

பிள்ளைகள் “நீர்மூழ்கிக்கு ஏன் பற்றரி?” என்று கேட்பார்கள். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரைப் பூட்டிய அறைக்குள் வைத்து ஓட்டினோமா? புகை கொன்றுவிடும். டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். அதனால் கடல்மட்டத்தில் மூன்று டீசல் இயந்திரங்களை ஓட்டிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு, தாழ்ந்தபிறகு பற்றரியில் மோட்டாரை ஓட்டினார்கள். சார்ஜ் இறங்கினால் மறுபடி காற்றுக்கு வரத்தான் வேண்டும். இப்படிப்பட்ட கப்பலில் இருந்துவிட்டு எங்கள் சரக்குக் கப்பலுக்கு வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். கிழமைக்கணக்கில் குளிக்காமல் இருந்த மனிதர்.

சுற்றிவரக் கடல் இருந்தும் எங்கள் நாட்டுக் கடற்படையிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. 2024இல் இந்தியாவின் ‘கரஞ்’ நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோதும் எங்களுக்குப் பேப்பரில் படம்தான். ஒரு பிள்ளை இதைப் பார்க்க வீசா எடுத்துக் கடல் தாண்டவேண்டியிருக்கிறது. ஏஜென்சிக்காரர் பிழைக்காமல் என்ன செய்வார்?

அம்மா உள்ளே வரவில்லை என்றால், கடற்கரையில் பேரப்பிள்ளை ஒன்றோடு இருக்கட்டும். வீதிக்கு மறுபக்கம் டியு-142 என்ற பழைய கடற்படை விமானமும் நிற்கிறது. அதை வெளியே நின்றே முழுதாகப் பார்க்கலாம்.