மனைவி வீட்டுப் பெட்டகத்தில் தேடுங்கள்
பூர்வீகம் தேடுவோர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவின் தகப்பன் 1950களின் தொடக்கத்தில் எங்கிருந்தோ தம்பிலுவிலுக்கு வந்து அம்மம்மாவைக் கலியாணம் முடித்தவர். அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போது போனவர், திரும்பவில்லை. எந்த ஊர், யார் ஆட்கள் என்று அம்மம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. அம்மாவின் பிறப்புப் பத்திரம் மட்டும் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, திருக்கோவில்

பதில்: அவர் வந்த ஊரைத் தேடி ஓடாதீர்கள். வந்து சேர்ந்த வீட்டை முதலில் கிண்டுங்கள். நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். அவனைப் பற்றிய எழுத்தெல்லாம் மனைவி வீட்டார் பத்திரங்களில்தான் கிடக்கும்.

கையில் இருக்கும் பிறப்புப் பத்திரம் பிற்காலத்தில் பார்த்து எழுதிய பிரதி என்றால், மூலப் பதிவின் நிழற்பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிரதி எழுதியவர் ஒரு எழுத்தை மாற்றி வாசித்தாலே ஊர் மாறிவிடும். ஓரத்தில் எழுதிய திருத்தக் குறிப்பும் விடுபட்டிருக்கலாம். பெயர்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், தகப்பனின் தொழில், இனம், பிறப்பை அறிவித்தவர் யார் என்பவற்றையும் பாருங்கள். அறிவித்தவர் தகப்பனாக இல்லாமல் தாய்மாமனாக இருந்தால், அந்த நேரத்திலேயே அவர் ஊரில் இல்லையோ என்று யோசிக்கலாம்.

அடுத்தது விவாகப் பதிவு. திகதி தெரியாவிட்டால், அம்மா பிறந்த ஆண்டுக்கு முந்திய இரண்டு வருடங்களை முதலில் தேடச் சொல்லுங்கள். அதில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயர், வதிவிடம், முன்பு விவாகமானவரா தாரமிழந்தவரா என்ற நிலை, சாட்சிகளின் பெயர் விலாசம் எல்லாம் உண்டு. சாட்சிகளில் ஒருவர் மாப்பிள்ளை பக்கத்து ஆளாக இருப்பது வழமை. அந்த ஒரு விலாசம் போதும், ஊர் பிடிபட்டுவிடும். பதிவே கிடைக்காவிட்டால் பதறவேண்டாம். தாலி கட்டியதோடு விட்ட கலியாணங்கள் அன்று ஏராளம்.

இரண்டு இடத்தில் தடுக்கும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பத்திரத்தில் மாவட்டம் மட்டக்களப்பு என்றே இருக்கும். பதிவாளர் பிரிவும் பழைய பற்றின் (அன்றைய நிர்வாகப் பிரிவின்) பெயரில் இருக்கும். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதுங்கள். மற்றது, ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணையில் சின்னத்தம்பி 'சி' (C) எழுத்திலும் இருப்பார், 'எஸ்' (S) எழுத்திலும் இருப்பார்.

பத்திரம் சொல்லாததைக் கோயில் சொல்லும். ஒரே குடிக்குள், அதாவது ஒரே தாய்வழிக் குலத்துக்குள், கலியாணம் இல்லை என்பதால், பெண் கொடுக்குமுன் அவர் குடியை விசாரிக்காமல் விட்டிருக்கமாட்டார்கள். திருவிழா உபயத்தில் அவர் எந்தக் குடியோடு நின்றார் என்று வண்ணக்கர்மாரையும் (கோயில் நிர்வாகிகள்) வயதான பெண்களையும் கேளுங்கள். குடி தாய்வழி வருவது. அவருக்கு அக்கா தங்கை இருந்திருந்தால் தாய்வீடு அவர்கள் பிள்ளைகள் கையில் இன்றும் இருக்கக்கூடும். குடியே யாருக்கும் நினைவில்லை என்றால், யாழ்ப்பாணமோ மலைநாடோ இந்தியாவோ என்று வலையை அகலமாக வீசுங்கள். ஊர் பேர் தெரியாமல் வந்தவரையெல்லாம் 'மலையாளத்து மந்திரவாதி' ஆக்கிவிடுவது நம்மவர் பழக்கம். அந்தக் கதையைக் கடைசிக்கு வையுங்கள்.

வயல் விற்ற, ஈடு வைத்த உறுதி (காணிப் பத்திரம்) ஏதும் இருந்தால், அதை எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் கடைசிப் பந்தியை வாசியுங்கள். சாட்சிகளின் பெயரும் விலாசமும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: காணாமற்போன பெரியப்பாவின் பிறந்த திகதி தெரியாது. பழைய வங்கிப் புத்தகத்தில் அடையாள அட்டை இலக்கம் மட்டும் இருக்கிறது. அது 35213 என்று தொடங்குகிறது.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: திகதி அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, 1935. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணவேண்டும். இதை மறந்தால் ஒரு நாள் பிசகும். 213ஆவது நாள் யூலை 31. இலக்கம் 001 என்றிருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். உத்தேச வயதுக்குப் போட்ட சனவரி 1 ஆக இருக்கலாம்.

கேள்வி: அம்மம்மாவின் அண்ணருடைய சாதகத்தில் 'ஆங்கிரச வருஷம் மாசி மாதம்' என்று இருக்கிறது. 1932 என்கிறார்கள். சரியா?
– வாசகர், மண்டூர்

பதில்: ஆங்கிரச 1932 ஏப்ரலில் பிறந்து 1933 ஏப்ரலில் முடிந்தது. மாசி அதன் பின்பகுதியில் வருவதால் 1933 பெப்ரவரி – மார்ச். பிறப்புப் பதிவையும் 1933இல் தேடுங்கள்.

வருடப் பெயர் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பும் என்பதால் 1873 மாசியும் ஆங்கிரசதான். பூட்டன் காலத்துச் சாதகத்தில் இந்தக் குழப்பம் வந்தால் வியாழனையும் சனியையும் வைத்துத் தீர்க்க முடியாது. 60 ஆண்டில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். அதன் சுற்று சுமார் 18½ ஆண்டு. ஆகவே இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும்.

கேள்வி: மூத்தம்மாவின் காவின் (விவாக) பதிவில் வலி (மணமகளின் பொறுப்பாளர்) என்ற இடத்தில் அவவின் வாப்பா பெயர் இல்லை. யாரென்று தெரியாத ஒருவர் பெயர். வாப்பாவைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.
– வாசகி, சம்மாந்துறை

பதில்: நல்ல நூல் முனை கிடைத்திருக்கிறது. ஷாபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று) வலி என்பது வாப்பா, வாப்பாவின் வாப்பா, கூடப்பிறந்த ஆண்கள், வாப்பாவின் சகோதரர் என்று தகப்பன் வழியிலேயே இறங்கும். தாய்மாமன் வலியாக முடியாது. தாய் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் அந்தக் கட்டத்தில் தகப்பன் பக்கத்து ஆண்தான் வரவேண்டும். ஆகவே அந்தப் பெயர் வாப்பாவின் தம்பியோ சாச்சா மகனோ ஆக இருக்கலாம். அவர் ஊரைப் பிடியுங்கள். காதியார் (முஸ்லிம் விவாக நீதிபதி) அனுமதியோடு நடந்த நிக்காஹ் என்றால், தகப்பன் வழியில் வலியாக நிற்க யாரும் கிடைக்கவில்லை, அல்லது இருந்தவர் மறுத்தார் என்று கொள்ளலாம். தகப்பன் இஸ்லாத்தைத் தழுவாத ஆளாகவும் இருக்கலாம்.

கேள்வி: 2004 சுனாமியில் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. இனி வழியுண்டா?
– வாசகர், கல்லாறு

பதில்: உண்டு. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவின் இரண்டாம் பிரதி கொழும்பில், பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவண அறைக்குப் போவது வழமை. பிறகு பள்ளிக்கூடம். சேர்வு இடாப்பில் (மாணவரைச் சேர்க்கும்போது எழுதும் பதிவேடு) தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், விலாசம், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி இருக்கும். முன்பு படித்த பாடசாலை என்ற கட்டத்தை விடாதீர்கள். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது நல்ல தடயம். அதிபருக்கு உறவுமுறையையும் உத்தேச ஆண்டையும் எழுதிக் கடிதம் கொடுங்கள். மை வெளிறிய பக்கமென்றால் பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துக் கைபேசியில் படமெடுங்கள்; நேர் வெளிச்சத்தில் பேனை அழுத்திய தடம் தெரியாது.