இலங்கையில் அரசாங்கப் பாடசாலையிலேயே பிள்ளைக்குத் தெரபி கிடைக்குமா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அண்ணனின் மகளுக்குப் பாடசாலைக்கே தெரபிஸ்ட் வந்து போகிறார், ஒரு சதம் செலவில்லை, கொழும்பில் அடுத்த வருடம் முதலாம் தரத்துக்குப் போகும் என் மகனுக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்தப் பாடசாலைக்கு இன்ன ஃபிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்), இன்ன ஓ.டி. (எழுதுவது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்) பொறுப்பு என்ற ஏற்பாடு நம் நாட்டில் கிடையாது. தெரபிஸ்ட்கள் சுகாதார அமைச்சின் கீழ் வேலை செய்பவர்கள், வைத்தியசாலையில் இருப்பார்கள். பிள்ளைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

நீங்கள் ஒரு அம்மா என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மகனுக்கு என்ன பிரச்சினை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்க மாட்டேன். ஓ.டி.யும் ஸ்பீச் என்ற பேச்சுச் சிகிச்சையும் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருப்பார், தனியார் இடங்களில் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று விசாரித்திருப்பீர்கள், அந்தத் தொகையைக் கேட்ட இரவு தூக்கம் வந்திருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அரசாங்க வைத்தியசாலைகளை நான் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம் என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். பொரளையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, களுபோவில வைத்தியசாலை இருக்கிறது, றாகமை வைத்தியசாலை இருக்கிறது. ஒரு ரூபாய் வாங்காமல் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகவே ஒரு நிலையமும் இருக்கிறது. என் மகன் இன்றைக்கு நடக்கிறான் என்றால் அதற்கு ஒரு அரச வைத்தியசாலையின் ஃபிசியோ மிஸ்தான் காரணம். அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள். நான் சொல்லப்போகும் குறை அவர்களைப் பற்றியது அல்ல.

என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன். பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பை அசைப்பதில் வரும் சிரமம். இரண்டு கால்களிலும் இறுக்கம், வலது கையிலும் கொஞ்சம். புத்தியில் ஒரு குறையும் இல்லை, கணக்கில் அவன் வகுப்பில் யாருக்கும் பின்னால் இல்லை. காலுக்கு ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு நடப்பான். வட கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் சேர்த்தோம். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் படிக்கிறான்.

கிளினிக் வார நாட்களில், காலையில். பாடசாலையும் அதே நேரம்தான். அதனால் தெரபிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பாடம் போகும். தவணை முடிவில் அறிக்கையில் "வரவு போதாது" என்று எழுதி வந்தது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம் அம்மா" என்றார் அந்த டீச்சர். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் அந்த வரி இன்றைக்கும் சுடுகிறது.

அந்த வருடம் எழுத்துதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. வரி கோணும், எழுத்து சிதறும், அரைப் பக்கம் எழுதுவதற்குள் களைத்துப்போவான். கைப் பயிற்சி போதவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஃபிசியோ மிஸ் ஒருநாள், வகுப்பில் எந்தக் கதிரையில் உட்காருகிறான் என்று கேட்டார். போனில் படம் எடுத்துக் காட்டினேன். கதிரை உயரம், கால் இரண்டும் தொங்குகின்றன. கால் தரையில் ஊன்றாவிட்டால் இடுப்பு முன்னால் சறுக்கும், விழாமல் இருக்க இவன் கையை மேசையில் ஊன்றித் தாங்குவான், உடம்பைத் தாங்கும் கை எப்படி எழுதும் என்று விளக்கினார். பாதத்துக்குக் கீழே ஒரு பலகைப் பெட்டி வேண்டும், மேசை சாய்வாக இருந்தால் நல்லது, கரும்பலகைக்கு நேராக உட்கார வைக்க வேண்டும், நீளமான பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்.

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்பவர் பெட்டியைச் செய்து தந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் என் நாத்தனாரின் மகள் தமிழில் எழுதித் தந்தாள். டீச்சர் தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். பெட்டி வகுப்பின் மூலையில் கிடந்தது, மற்றப் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள்.

அடுத்த வருடம் ஒரு இளம் டீச்சர் வந்தார். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, உங்கள் மகனைப் பற்றி எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். தாளைக் கொடுத்தேன். பெட்டி காலுக்குக் கீழே போனது. மூன்று தடித்த கோப்புகளை அடுக்கி, அதன் மேல் ஒரு பலகையை வைத்துச் சாய்வு மேசை மாதிரி அவரே செய்துகொடுத்தார். கழிவறையில் குந்த முடியாமல் இவன் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதிபரிடம் பேசி, ஆசிரியர்கள் பாவிக்கும் கழிவறையின் சாவியை வாங்கித் தந்தார். அந்த வருடக் கொப்பிகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். வரிக்குள் நிற்கிற எழுத்து. என் பிள்ளையின் கை எழுதியது.

அப்புறம் அவருக்கு இடமாற்றம். புது டீச்சர், புது வகுப்பறை, அதுவும் மேல்மாடி. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. நான் ஒன்டாரியோவைப் பார்த்துப் பொறாமைப்படுவது இந்த இடத்தில்தான். அங்கே ஒரு நல்ல டீச்சர் போனாலும் ஏற்பாடு போகாது.

என் சின்னம்மாவின் மகள் ஒன்டாரியோவில் ஒரு பாடசாலையில் கல்வி உதவியாளராக வேலை செய்கிறாள். அவள் சொன்ன பிறகு நானும் தேடி வாசித்தேன். 1980இல் அந்த மாகாணம் கல்விச் சட்டத்தைத் திருத்தி, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கும், அந்தந்தப் பகுதிப் பாடசாலைகளை நடத்தும் பாடசாலைச் சபைகள் கல்வி கொடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தது. 1984இல் கல்வி அமைச்சு 81ஆம் இலக்கக் குறிப்பாணையை வெளியிட்டது. யார் எதைச் செய்வது என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறது. பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பது, நடக்கவும் சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் உதவுவது பாடசாலைச் சபையின் வேலை. தீவிரமான ஃபிசியோவும் ஓ.டி.யும் சுகாதாரப் பக்கத்தின் வேலை. பேச்சுச் சிகிச்சையில் இரண்டு தரப்புக்கும் பங்கு. மொழி வளர்ச்சியையும் லேசான உச்சரிப்புப் பிரச்சினையையும் சபையின் ஆட்கள் பார்க்கிறார்கள், கடுமையான உச்சரிப்புக் குறைபாட்டையும் திக்குவாயையும் குரல் பிரச்சினையையும் வெளியிலிருந்து வருபவர் பார்க்கிறார். இப்போது அந்தச் சேவையைச் சிறுவர் சிகிச்சை நிலையங்கள் மாகாண அரசின் பணத்தில் நடத்துகின்றன. பெற்றோரின் சம்மதம் வாங்கிப் பாடசாலையே பெயரை அனுப்பும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. காத்திருப்புப் பட்டியல் அங்கேயும் உண்டு. தெரபிஸ்ட் ஒவ்வொரு வாரமும் வந்து பிள்ளையோடு உட்காருவார் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சில தடவைகள் வந்து பார்த்து, டீச்சருக்கும் உதவியாளருக்கும் செய்ய வேண்டியதைக் காட்டிவிட்டுப் போவார் என்கிறாள் தங்கச்சி. அதுதான் எனக்கு வேண்டியதும். ஒரே ஒரு முறை அந்த ஃபிசியோ மிஸ் எங்கள் வகுப்பறை வாசலில் வந்து நின்றிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்காது.

"கனடாவிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை" என்று யாராவது எழுதப்போகிறீர்கள். சரி, ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. நம்மிடம் தெரபிஸ்ட் சுகாதார அமைச்சின் ஆள், டீச்சர் கல்வித் திணைக்களத்தின் ஆள், பாடசாலை பெரும்பாலும் மாகாண சபையின் கீழ். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை, அந்த நிலைமைதான் இந்தப் பிள்ளைகளுக்கு. பாடசாலை வைத்தியப் பரிசோதனை என்று முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் சுகாதாரப் பக்கத்து ஆட்கள் பாடசாலைக்கு வரத்தானே செய்கிறார்கள்? எடை, உயரம், பல், கண், காது பார்த்துத் துண்டு எழுதித் தருகிறார்கள். அதே வழியில் ஒரு ஓ.டி. ஒரு தவணைக்கு ஒருமுறை வந்தால் என்ன? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 2016இல் உறுதி சொல்லியிருக்கிறது. புனர்வாழ்வுச் சேவை சுகாதாரத்தில் மட்டுமல்ல கல்வியிலும் வேண்டும், ஆட்கள் வாழும் இடத்துக்கு முடிந்தவரை கிட்ட வேண்டும் என்று அதன் 26ஆம் உறுப்புரை சொல்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வருடம் பிறந்தால் வகுப்புக்குப் பெயின்ட் அடிக்கக் காசு, மின்விசிறிக்குக் காசு, ஏ4 தாள் கட்டு ஆளுக்கு இவ்வளவு. வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கும் கணக்குக் கேட்பார்கள். கொடுக்காத பெற்றோரின் பெயரையும் போடுவார்கள். இதே குழுவில் கழிவறைச் சுவரில் ஒரு கைபிடிக் கம்பி பூட்டலாமா என்று கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த செய்தி, புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் அச்சடிக்கக் காசு. இலவசக் கல்வி என்று புத்தகத்தில் படித்த நாங்கள்தான் இதையும் கட்டுகிறோம்.

சரி, உங்களுக்கு வருகிறேன். பாடசாலை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே அரச வைத்தியசாலையில் பதிந்துவிடுங்கள், முதல் திகதி கிடைக்கவே நாள் எடுக்கும். இடம் தர முடியாது என்று எந்த அதிபராவது உங்கள் மகனின் குறைபாட்டைக் காரணம் காட்டினால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பாகிய விசேட கல்வி அலகுக்கு அனுப்பலாம் என்பார்கள். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சில பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தமான இடம். ஆனால் உங்கள் மகனைப் பார்த்த டொக்டரிடம் கேட்காமல் தலையாட்டிவிடாதீர்கள்.

தெரபிஸ்டிடம் போகும்போது வகுப்பறை, கதிரை, படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டீச்சருக்கு என்று தனியாக ஒரு தாள் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். முடியாது என்றால் நீங்களே தமிழில் எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீச் என்றால் தமிழ் பேசும் சிகிச்சையாளர் எந்த நாளில் இருக்கிறார் என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது மிக முக்கியம். அந்தத் தாளில் ஒரு பிரதியை அதிபரின் கோப்பில் போடச் சொல்லுங்கள், டீச்சர் மாறினாலும் தாள் அங்கே இருக்கும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். எங்கள் புது டீச்சர் போன வாரம் பெட்டியை மேல்மாடிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.