அப்பாவின் அந்தியேட்டி, கர்ப்பிணி மனைவி: முழுச் சவரம் செய்யலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். அப்பா காலமாகி இரண்டு கிழமை ஆகிறது. மூத்த மகன் என்பதால் நான்தான் கொள்ளி வைத்தேன். மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அதனால் அன்று தலையை வழிக்கக்கூடாது என்று மாமி தடுத்துவிட்டார், தாடி மீசையை மட்டும் எடுத்தேன். இறப்புத் தீட்டு முடியும்போது செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காவது முழுச் சவரம் செய்யவேண்டும் என்கிறார் பெரியப்பா. அந்த நாளோ செவ்வாய்க்கிழமை. அதுவரை தாடியோடு வேலைக்குப் போகலாமா? மூத்த பிள்ளைக்கு இந்த வருடம் வெருகல் முருகன் கோயிலில் முடி இறக்குவதாக நேர்த்தியும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்தியேட்டிக்கு நீங்கள் சவரம் செய்யலாம். செய்யவேண்டும் என்றே சொல்வேன்.

மாமி சொன்னது வெறும் வீட்டுப் பேச்சு இல்லை. முண்டனம் (தலை மழித்தல்), பிண்டதானம், பிரேதக் கிரியை ஆகிய மூன்றையும் தகப்பன் உயிரோடு இருப்பவனும் கர்ப்பிணியின் கணவனும் செய்யக்கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. ஆனால் அந்த விதியில் சவரமும் பிரேதக் கிரியையும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. நீங்கள் கொள்ளி வைத்துவிட்டீர்கள். அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது, ஏனென்றால் பெற்றவருக்குப் பிள்ளை செய்யும் கடன் இந்தத் தடைக்குள் வராது. அப்படியானால் அதே கடனின் ஒரு பகுதியான சவரத்தை மட்டும் தடுப்பதற்கு நியாயம் இல்லை. முடி நீக்கியே தீரவேண்டிய ஏழு சந்தர்ப்பங்களை இன்னொரு சுலோகம் சொல்கிறது. கங்கைக் கரையோடும் வேள்வியோடும் தாயின் இறப்பு, தந்தையின் இறப்பு, குருவின் இறப்பு என்பவையும் அதில் வருகின்றன. நாம் செய்யும் பாவமெல்லாம் முடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, அதனால் முடியை நீக்குகிறேன் என்பதுதான் அப்போது சொல்லும் மந்திரத்தின் கருத்து. கருவிலிருக்கும் பிள்ளைக்குத் தீங்கு நினைத்துச் செய்யும் காரியம் இல்லை இது. உங்கள் முடிக்கும் அந்தப் பிள்ளையின் ஆரோக்கியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் மாமிக்கு எடுத்துச் சொல்லுங்கள். பயத்தில் பேசுகிறார், எதிர்த்து வாதாடாமல் உங்கள் குருக்களையே அவரோடு பேச வைத்தால் நல்லது.

எவ்வளவு முடி எடுப்பது? நூல் விதிப்படி தலை, தாடி, மீசை எல்லாம் போகும். சிகையும் (குடுமி) புருவமும் நிற்கும். இன்று சிகை வைத்திருப்பவர்கள் குறைவு. உச்சியில் சிறு கற்றை விட்டு மற்றதை வழிப்பவர்களும் உண்டு, முகச்சவரத்தோடு நிறுத்தும் குடும்பங்களும் உண்டு. இதில் நூலைவிட உங்கள் குடும்ப வழக்கம்தான் பெரிது. தாத்தா இறந்தபோது உங்கள் அப்பா என்ன செய்தார் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். அவர் கூடவே நின்றிருப்பார். அப்பா தன் தகப்பனுக்குச் செய்ததையே நீங்கள் அப்பாவுக்குச் செய்வதில் யாரும் குறை காணமுடியாது.

பெரியப்பா தானும் முடி எடுக்க நினைத்தால், அவருக்கு அது தேவையில்லை. இறந்தவருக்கு இளையவர்கள்தான் எடுப்பது முறை. அப்பாவின் தம்பிமார் எடுக்கலாம். அவர்களுடைய பிள்ளைகள், தகப்பன் உயிரோடு இருப்பதால், எடுக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கவலை வேண்டாம். செவ்வாய், சனி, அமாவாசை, பிறந்த நட்சத்திரம் என்று பார்ப்பதெல்லாம் நாமாக விரும்பி முடி வெட்டும்போதுதான். ஆறாம் நூற்றாண்டுச் சோதிட நூலாசிரியர் வராகமிகிரரே அரச ஆணை, திருமணம், இறப்புத் துடக்கு (தீட்டு), சிறையிலிருந்து விடுதலை போன்றவற்றுக்கு எல்லா நட்சத்திரத்திலும் சவரம் செய்யலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். காரியத்துக்காகச் செய்யும் சவரத்துக்கு அந்தக் காரியம் வரும் நாளே நாள்.

அந்தியேட்டியைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் செய்வதானால், சவரத்தை வீட்டிலோ சலூனிலோ காலையிலேயே முடித்துவிட்டுப் போங்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நம் முன்னோர் போற்றிய ஏழு கிணறுகள் அவை. அந்தச் சுற்றில் முடி விழுவதும், சவர்க்காரமும் பிளேடும் கிடப்பதும் மனதை நோகச் செய்கிற காட்சி. சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள். வழித்த தலையில் சிறு கீறல் இருந்தால்கூட வெந்நீர் பட்டதும் எரியும், அதனால் சூடு குறைந்த கிணற்றில் தொடங்குங்கள். இன்னொன்று: கர்ப்பிணியின் கணவனுக்குக் கடல் நீராடலும் தவிர்க்கவேண்டியவற்றில் ஒன்று. அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் வேலை இன்னும் மிச்சம் இருந்தால், கரையில் நின்று கொடுத்துவிட்டு முழுக்கைத் தம்பிக்கு விடலாம்.

அதுவரை தாடி வளரட்டும். கொள்ளி வைத்த நாளுக்கும் துடக்குக் கழியும் நாளுக்கும் இடையில் சவரம் செய்வதில்லை, நகமும் வெட்டுவதில்லை. அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். திருகோணமலையில் இதைப் புரியவைப்பது கஷ்டம் இல்லை. குர்பானி கொடுக்க நினைக்கும் முஸ்லிம் நண்பர்கள் துல்ஹஜ் மாதப் பிறை கண்டதிலிருந்து குர்பானி கொடுக்கும்வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பதை நம் ஊரில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். சீருடைப் பணியில் இருந்து, மழிக்காமல் வரவே கூடாது என்று மேலதிகாரி உத்தரவிட்டால் மழியுங்கள். அரசன் பணியில் இருப்பவனுக்குத் துடக்கிலேயே தளர்வு கொடுத்தவை நம் நூல்கள். அந்தியேட்டிக்கு மறுபடி எடுத்தால் சரி.

பிள்ளையின் நேர்த்தியைத் தள்ளிப்போடுங்கள். இதற்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. அப்பாவின் ஆட்டத்திவசம் (முதலாண்டுத் திதி) முடியும்வரை வீட்டில் மங்கல காரியம் வைப்பதில்லை. அதோடு, தாய் ஐந்து மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும்போது சிறு பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதும் இல்லை. இங்கே மாமி பக்கம்தான் விதி நிற்கிறது, அதையும் அவரிடம் சொல்லுங்கள். முதல் முடி ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் இறக்குவது வழக்கம். மூன்று தவறினால் ஐந்தில் செய்யலாம், நேர்த்தி முறிந்ததாக ஆகாது. பயமாக இருந்தால் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, வெருகல் முருகனுக்கு என்று சொல்லிச் சாமித்தட்டில் வையுங்கள். முடி இறக்கும் நாளில் அதைக் கோயில் உண்டியலில் சேர்த்துவிடலாம்.